மெமரியைத் தின்பது யார்?

திருமலையின் 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசன டிக்கெட்டுகள் ஆன்லைனில் வெளியாகும் நாளில் திருப்பதி நெட் சென்டர்களில் ஒரே பரபரப்பு. பெயர்களையும் ஆதார் எண்களையும் அடித்து முடித்து, பணம் கட்டும் பக்கத்துக்குப் போகும்போது திரை அப்படியே நின்றுவிடும். திட்டு வாங்குவது என்னவோ இன்டர்நெட்தான். பல சமயம் குற்றவாளி மேஜைக்கு அடியிலேயே இருக்கிறது: 4 ஜிபி மெமரியோடு மூச்சு வாங்கும் கம்ப்யூட்டர்.

வேலூரிலிருந்து திருப்பதி போகும் வழியில் உள்ள சித்தூரிலும் இதே கதை. சான்றிதழ் விண்ணப்பம், பரீட்சைக் கட்டணம் என்று எல்லாம் ஒரே இயந்திரத்தில். இரண்டு பிரவுசர், ஸ்கேனர், தெலுங்கு டைப்பிங், வாட்ஸ்அப் எல்லாம் சேர்ந்து மெமரியை நிரப்பியதும், விண்டோஸ் ஒரு பகுதியை டிஸ்க்குக்குத் தள்ளுகிறது. பழைய ஹார்ட் டிஸ்க் சுழன்று அதைத் திருப்பித் தருவதற்குள் பொறுமை போய்விடுகிறது.

இங்கேதான் 'மெமரியைக் காலி செய்யும்' இலவச புரோகிராம்கள் ஆசை காட்டுகின்றன. இது பழைய வியாபாரம். 1995இல் அமெரிக்காவில் வந்த சாஃப்ட்ராம்95, மெமரியை இரட்டிப்பாக்கும் என்று விளம்பரப்படுத்தப்பட்டது. அப்படி எதையும் செய்யவில்லை என்று 1996இல் அந்நாட்டு ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றம்சாட்டியது. இன்றைய புரோகிராம்களில் பல, பயனில் உள்ளதையும் டிஸ்க்குக்குத் தள்ளிவிட்டுக் காலி இடத்தைக் கணக்குக் காட்டுகின்றன. அடுத்த கிளிக்கில் எல்லாம் திரும்பி வந்தாக வேண்டும். போதாததற்கு, இவையும் மெமரியில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'மெமரி' என்ற தலைப்பைத் தட்டினால் பெருந்தீனிக்காரர்கள் மேலே வருவார்கள். பெரும்பாலும் பிரவுசர்தான். நேற்று திறந்த பக்கங்களை மூடினாலே நிம்மதி. பணம் கட்டும் பக்கம் திறந்திருக்கும் பிரவுசரை மட்டும் 'எண்ட் டாஸ்க்' செய்துவிடக் கூடாது. 'ஸ்டார்ட்அப்' பகுதியில் தேவையில்லாதவற்றை நிறுத்துவது நல்லது. ஆன்ட்டி வைரஸில் கை வைக்க வேண்டாம்.

இரவில் ஷட் டவுன் செய்தால் எல்லாம் சுத்தமாகிவிடும் என்பது பலரின் நம்பிக்கை. விண்டோஸ் 8 முதல் வந்த 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதி இயங்கினால், புரோகிராம்கள் மூடப்பட்டாலும் விண்டோஸின் மையப் பகுதி டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு மறுநாள் அப்படியே திரும்புகிறது. முழுதாகப் புதிதாகத் தொடங்குவது 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான். டிக்கெட் நாளன்று கடை திறந்ததும் முதலில் அதைச் செய்யலாம்.

அப்படியும் திணறினால் மெமரி வாங்குவதுதான் வழி. டாஸ்க் மேனேஜரின் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதி எத்தனை ஸ்லாட் காலி என்று காட்டும். டிடிஆர்3 ஸ்லாட்டில் டிடிஆர்4 பொருந்தாது. விண்டோஸ் 32 பிட் ரகமாக இருந்தால் இன்னொரு பிரச்சினை: வீடுகளிலும் கடைகளிலும் உள்ள அந்த ரகம் 4 ஜிபிக்கு மேல் தொடாது. கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.