உங்கள் கணினியின் முகப்பு யார் கையில்?

புதிய கைப்பேசி கைக்கு வந்த அன்றே பின்னணிப் படத்தை மாற்றிவிடுகிறோம். அழைப்பொலியை மாற்றுகிறோம், செயலிகளை நமக்குப் பிடித்த வரிசையில் அடுக்குகிறோம். ஆனால் மடிக்கணினி வாங்கினால், கடையிலிருந்து வந்த நிலையிலேயே மூன்று நான்கு ஆண்டுகள் அதை ஓட்டிவிடுகிறோம். என் பல்கலைக்கழக நண்பர்கள் பலரின் கணினியில் இன்னமும் முதல் நாள் இருந்த அதே பட்டியல்தான் இருக்கிறது. ஒருமுறைகூடத் திறக்காத விளையாட்டுகள் அதில் முன்வரிசையில் நிற்கின்றன. தினமும் இடுபணி எழுதும் மென்பொருளோ எங்கோ அடியில் கிடக்கிறது.

நான் சொல்வது செயலிகளைத் திறக்க உதவும் அந்தப் பட்டியலைப் பற்றி. விண்டோஸில் அதை ஸ்டார்ட் மெனு என்கிறோம். மற்ற இயங்குதளங்களில் லாஞ்சர் என்பார்கள். இக்கட்டுரையில் அதைத் ‘தொடக்கி’ என்றே அழைக்கிறேன். அதன் தோற்றத்தையும் நடத்தையையும் நமக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்வதைப் பலர் பொழுதுபோக்கு என்று நினைக்கிறார்கள். என் கருத்து வேறு. கணினியில் நம் கண் முதலில் எங்கே போக வேண்டும் என்பதை முடிவு செய்வது தொடக்கிதான். அந்த முடிவை நாம் எடுக்காவிட்டால் வேறு யாராவது நமக்காக எடுத்துவிடுவார்கள்.

நிறுவனங்கள் மாற்றியபோது

ஸ்டார்ட் மெனு 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 உடன் வந்தது. திரையின் இடது கீழ் மூலையில் ஒரு பொத்தான், அழுத்தினால் பட்டியல். ஒரு தலைமுறையே அந்த மூலைக்குப் பழகியது. 2012 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 8 அந்தப் பொத்தானையே எடுத்துவிட்டு, திரை முழுவதையும் மூடும் கட்டங்களைக் கொடுத்தது. பயனர்களின் எதிர்ப்பு பெரிதாக இருந்தது. அடுத்த ஆண்டே பொத்தான் திரும்பியது. 2015-இல் வந்த விண்டோஸ் 10-இல் பட்டியலும் திரும்பியது. 2021-இல் விண்டோஸ் 11 அதைத் திரையின் நடுவுக்கு நகர்த்தியது.

இடம் மாறினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-இல் ஒரு விதியை வகுத்தார். ஓர் இலக்கை அடைய எடுக்கும் நேரம் அதன் தூரத்தையும் அளவையும் பொறுத்தது என்பதே அது. திரையின் மூலையில் உள்ள பொத்தானை அடைவது எளிது. ஏனென்றால் சுட்டியை வேகமாகத் தள்ளினாலும் அது விளிம்பைத் தாண்டிப் போகாது. நடுவில் உள்ள பொத்தானுக்கு அந்த வசதி இல்லை. அதோடு, விண்டோஸ் 11-இல் கூடுதல் செயலிகளைத் திறக்கத் திறக்க நடுவில் உள்ள பொத்தான் இடப்பக்கம் நகர்ந்துகொண்டே போகும். கை பழகிய இடத்தில் பொருள் இருக்காது. இதைச் சரிசெய்ய ஒரு நிமிடம் போதும். அமைப்புகளில் பணிப்பட்டைப் பகுதிக்குப் போய், சின்னங்களை இடப்பக்கம் வைக்கும்படி தேர்ந்தெடுத்தால் முடிந்தது.

தேடும் பெட்டியில் கடை விரித்தால்

தோற்றத்தை விட முக்கியமானது நடத்தை. இதற்கு நல்ல பாடம் உபுண்டு என்ற கட்டற்ற இயங்குதளத்தின் கதை. 2011-இல் அது யூனிட்டி என்ற புதிய முகப்புக்கு மாறியது. திரையின் இடப்பக்கம் செங்குத்தாக நிற்கும் தொடக்கி, அதோடு ஒரு தேடும் பெட்டி. 2012 அக்டோபரில் வந்த பதிப்பில் அந்தப் பெட்டியில் நாம் தட்டச்சு செய்யும் சொற்கள் நிறுவனத்தின் வழங்கிக்கு அனுப்பப்பட்டன. நம் கணினியில் உள்ள கோப்பைத் தேடினாலும் பக்கத்திலேயே அமேசான் கடைப் பொருள்கள் வந்து நின்றன. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் இதை உளவு மென்பொருள் என்றே கண்டித்தார். 2016 ஏப்ரலில் வந்த பதிப்பில்தான் இந்த வசதி இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டது. தொடக்கியைத் திரையின் கீழ்ப்பக்கம் வைக்கும் தேர்வும் அதே பதிப்பில்தான் கிடைத்தது.

இது பழைய கதை என்று ஒதுக்க முடியாது. 2024 ஏப்ரலில் வந்த ஒரு விண்டோஸ் 11 புதுப்பிப்பு, ஸ்டார்ட் மெனுவின் பரிந்துரைப் பகுதியில் செயலி விளம்பரங்களைக் காட்டத் தொடங்கியது. பணம் கொடுத்து வாங்கிய கணினியின் வாசலில் விளம்பரப் பலகை! அதை அணைக்கும் வழி அமைப்புகளில், ‘ஸ்டார்ட்’ பகுதியில் இருக்கிறது. ஆனால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாதவர் எப்படி அணைப்பார்?

இன்னொரு செய்தியும் நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மின்னிலக்கச் சந்தைச் சட்டத்திற்கு ஏற்ப, விண்டோஸ் தேடலிலிருந்து பிங் இணையத் தேடலை நீக்கிக்கொள்ளலாம் என்று மைக்ரோசாஃப்ட் 2023-இல் அறிவித்தது. அந்த அறிவிப்பு ஐரோப்பியப் பொருளியல் வட்டாரத்தில் உள்ள கணினிகளுக்கு மட்டுமே. மென்பொருள் ஒன்றுதான். ஆனால் பெர்லினில் உள்ள மாணவருக்கு ஒரு மரியாதை, ஜொகூர் பாருவில் உள்ள மாணவருக்கு வேறொன்று. சட்டம் நமக்குத் துணை வரும்வரை, நம் கையில் உள்ள அமைப்புகளையாவது நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டாமா?

மாணவர்களுக்கு உடனே பயன்படும் ஓர் அமைப்பைச் சொல்கிறேன். அண்மையில் திறந்த கோப்புகளைத் தொடக்கி தானாகவே காட்டும். வகுப்பில் படைப்புக்காகக் கணினியைப் பெரிய திரையில் இணைத்துவிட்டு ஸ்டார்ட் மெனுவைத் திறந்தால், உதவித்தொகை விண்ணப்பமும் மருத்துவச் சான்றிதழும் எல்லார் கண்ணிலும் படும். அந்தப் பகுதியை அணைத்துவிடுங்கள். பிறகு தினமும் பயன்படுத்தும் ஐந்தாறு செயலிகளை மட்டும் மேலே பொருத்திவிட்டு மற்றவற்றை நீக்குங்கள். தேர்வுகள் கூடக் கூட முடிவெடுக்கும் நேரமும் கூடும் என்று வில்லியம் ஹிக் 1952-லேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்.

பழைய கணினிக்கு மறுவாழ்வு

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிவுக்கு வந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். அது இல்லாத பழைய கணினிகள் நம் வீடுகளில் நிறைய இருக்கின்றன. புதிதாக வாங்க ஆயிரம் இரண்டாயிரம் வெள்ளி எல்லாக் குடும்பத்திடமும் இருக்காது. நான்கு ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினியிலும் லினக்ஸ் மின்ட் போன்ற இயங்குதளங்கள் ஓடும், கட்டணமும் இல்லை.

எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட ஒரு கணினியைத் தங்கையும் தம்பியும் பகிர்ந்துகொள்கிறார்கள். தங்கை படிவம் ஐந்து, தம்பி தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. அதில் குபுண்டு போட்டு இருவருக்கும் தனித்தனிப் பயனர் கணக்கு வைத்தேன். அதன் தொடக்கியை வலச்சொடுக்கினால் மாற்று வடிவங்கள் கிடைக்கும். வகை பிரித்த பெரிய பட்டியல், விண்டோஸின் பழைய மெனு போன்ற சிறு பட்டியல், திரை முழுவதையும் நிரப்பும் வடிவம் என மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். எஸ்பிஎம் தேர்வுக்குத் தயாராகும் தங்கைக்குச் சிறு பட்டியல். அதில் விளையாட்டு எதுவும் இல்லை. தம்பிக்குத் திரை நிறையும் வடிவம். அதில் எழுத, வரைய, கணக்குப் போட, படிக்க எனச் சில சின்னங்கள் மட்டும் முன்னால் நிற்கும். கணினி ஒன்றுதான், ஆனால் யார் உள்ளே நுழைகிறாரோ அவருக்கேற்ற வாசல். எல்லாருக்கும் பொதுவாகச் செய்யப்பட்ட இயல்பு அமைப்பு இந்த இருவரில் எவருக்கும் பொருந்தியிருக்காது.

அந்தப் பட்டியலில் தமிழ் எங்கே?

நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலும் செல்லினமும் கணினியிலும் கைப்பேசியிலும் தமிழில் எழுதுவதை எளிதாக்கிவிட்டன. நாமும் தமிழில் எழுதுகிறோம். ஆனால் எழுதும் மென்பொருளைத் திறக்க ஆங்கிலப் பெயரைத்தான் தேடுகிறோம். தொடக்கியில் தமிழைக் கொண்டுவருவது கடினம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: லினக்ஸில் அதற்கு ஒரு வரி எழுதினால் போதும்.

அங்கே ஒவ்வொரு செயலிக்கும் ஒரு சிறு உரைக்கோப்பு உண்டு. செயலியின் பெயர், சின்னம், இயக்க வேண்டிய கட்டளை, தேடலுக்கான திறவுச்சொற்கள் ஆகியவை அதில் வரிவரியாக இருக்கும். தொடக்கி இந்தக் கோப்புகளைப் படித்துத்தான் பட்டியலைக் காட்டுகிறது. பெயர் வரியில் ‘நேம்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் ‘டிஏ’ என்ற தமிழுக்கான மொழிக் குறியீட்டைச் சேர்த்து, அதற்கு எதிரே தமிழ்ப்பெயரை எழுதினால், தமிழ் முகப்பில் அந்தப் பெயரே தெரியும். அந்தக் கோப்பை நம் சொந்தக் கோப்புறையில் நகலெடுத்து மாற்றினால் மூலக்கோப்புக்கும் ஒன்றும் ஆகாது.

திறவுச்சொல் வரியில்தான் நம் நாட்டுக்கே உரிய ஒரு வசதி எனக்குத் தென்பட்டது. தம்பி பள்ளியில் தமிழில் கட்டுரை எழுதுகிறான், மலாய்ப் பாடத்தில் காராங்ஙான் எழுதுகிறான், ஆங்கிலப் பாடத்தில் எஸ்ஸே எழுதுகிறான். மூன்றுக்கும் திறப்பது ஒரே மென்பொருளைத்தான். அந்த வரியில் மூன்று சொற்களையும் சேர்த்துவிட்டேன். ‘கட்டுரை’ என்பதைத் தமிழ் எழுத்திலும் ரோமன் எழுத்திலும் இருமுறை எழுதினேன், விசைப்பலகையை மாற்ற மறந்தாலும் கிடைக்க வேண்டுமே! இப்போது எந்த மொழியில் நினைத்தாலும் அவனுக்கு வேண்டியது வந்து நிற்கிறது. மூன்று மொழியில் வாழும் மலேசிய மாணவனை மனத்தில் வைத்து எந்த நிறுவனமும் இப்படி ஒரு வரியை எழுதித் தராது. நாம்தான் எழுத வேண்டும்.

நேரத்தை விழுங்காதா?

இதற்கு மறுப்புகளும் உண்டு. முதல் மறுப்பு, இது நேரத்தை விழுங்கும் என்பது. உண்மைதான். தொடக்கியின் நிறத்தையும் ஒளிபுகு தன்மையையும் மாற்றி மாற்றிப் பார்த்தே இரவைக் கழிப்பவர்களை எனக்குத் தெரியும். அழகான திரை வந்துவிடும், இடுபணி வராது. அதனால்தான் பருவத் தொடக்கத்தில் ஒரு மணி நேரம், அதற்குமேல் இல்லை என்ற வரம்பை வைத்திருக்கிறேன். எதைச் சேர்த்தாலும் எனக்குள் ஒரு கேள்வி: இது என் வேலையைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா?

இரண்டாவது மறுப்பு, நாளை வேலையிடத்தில் விண்டோஸ்தானே இருக்கும், வேறு எதற்குப் பழக வேண்டும் என்பது. ஒரே பொத்தானை ஒரே இடத்தில் அழுத்தப் பழகியவர்கள்தான் 2012-இல் திணறினார்கள். தொடக்கி என்பது எதைப் படித்து எப்படிப் பட்டியலிடுகிறது என்று புரிந்தவருக்கு அடுத்த பதிப்பு எப்படி வந்தாலும் அச்சமில்லை. 2025-இல் ஆப்பிளும் தன் மேக் கணினிகளில் லாஞ்ச்பேட் என்ற தொடக்கியை நீக்கிவிட்டு வேறொன்றை வைத்தது. எந்த நிறுவனமும் நம்மைக் கேட்டு மாற்றப் போவதில்லை.

இடைநிலைப்பள்ளிகளில் 2017 முதல் அடிப்படைக் கணினி அறிவியல் ஒரு பாடமாக இருக்கிறது. கணிமச் சிந்தனையும் நிரலாக்கமும் அதில் உண்டு, நல்லதுதான். அதோடு ஒரே ஒரு வகுப்பு நேரத்தை ஒதுக்கி, “உன் தொடக்கியில் எவை இருக்க வேண்டும், எவை இருக்கக்கூடாது, ஏன்?” என்று ஒவ்வொரு மாணவரிடமும் கேட்டு எழுதச் சொல்லலாம். கணினியைப் பற்றிய பாடமாகத் தொடங்கி, தன் நேரத்தையும் கவனத்தையும் பற்றிய பாடமாக அது முடியும். பள்ளிகளில் உள்ள தமிழ்மொழிக் கழகங்கள் ஆளுக்கு ஒரு செயலியை எடுத்துக்கொண்டு அதன் பெயர், விளக்கம், திறவுச்சொற்களைத் தமிழாக்கலாம். மொழிபெயர்ப்பைத் தன்னார்வலர்களிடமிருந்து ஏற்கும் கட்டற்ற மென்பொருள் திட்டங்கள் பல உள்ளன. நாம் எழுதும் ஒரு வரி யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் உள்ள மாணவனின் திரையிலும் தெரியக்கூடும்.

இன்று மாலை உங்கள் கணினியைத் திறக்கும்போது அந்தப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். அதில் நீங்கள் வைத்தவை எத்தனை, உங்களைக் கேட்காமல் வந்தவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். கேட்காமல் வந்தவற்றில் ஒன்றை இன்றே நீக்குங்கள், உங்களுக்கு வேண்டிய ஒன்றை அந்த இடத்தில் வையுங்கள். உரிமை சிறியதாகத் தோன்றலாம், ஆனால் பயன்படுத்தாத உரிமையை யாரும் நமக்காகக் காத்து வைத்திருக்க மாட்டார்கள்.