ரிசல்ட்டுக்கு முன்னாடி ஒரு போன்

2025 மே மாசம், பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்னிக்குச் சித்தி பையன் போன் பண்ணினான். பல்லடம் பக்கம் ஊர். சித்தப்பா கூலிக்குத் தறி ஓட்டுகிறார். பையனுக்கு நல்ல மார்க். நான் வாழ்த்துச் சொல்லி முடிப்பதற்குள் கேட்டுவிட்டான்: "அக்கா, பிசிக்ஸ் படிச்சு ஆராய்ச்சிக்குப் போகணும்னா எங்கக்கா சேரணும்?"

அப்போது நான் எஞ்சினியரிங் மூணாவது வருஷம். சொந்தத்துல யாருக்குப் படிப்பு பத்தி சந்தேகம் வந்தாலும் என்கிட்டதான் கேட்பாங்க. ஆனா இந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லை. "இரு, பார்த்துச் சொல்றேன்" என்று வைத்துவிட்டு இணையத்தில் தேடினேன். அரை மணி நேரத்தில் 'ஐசர்' என்று அறிவியலுக்காகவே மத்திய அரசு நடத்தும் கல்வி நிறுவனங்கள் இருப்பது தெரிந்தது. அந்த வருஷத்துக்கான விண்ணப்பம் முடிந்துவிட்டது என்பதும் கூடவே தெரிந்தது.

திரும்பக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் அழவில்லை, கோபப்படவும் இல்லை. "அப்படியாக்கா... சரி விடுக்கா" என்றான். கவுன்சிலிங்கில் எஞ்சினியரிங் எடுத்தான். அந்த 'சரி விடுக்கா' இன்னும் என்னை விடவில்லை. அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

நம்ம பக்கத்துல ரிசல்ட் வந்தா கேள்வி ஒண்ணுதான். கல்யாண வீடோ, மாரியம்மன் நோம்பியோ, யாரைப் பார்த்தாலும் "என்ன கண்ணு, கட்-ஆஃப் எவ்வளவு?" கணக்குக்கு 100, பிசிக்ஸுக்கு 50, கெமிஸ்ட்ரிக்கு 50, மொத்தம் 200. அந்த நம்பரைச் சொன்னால் போதும், எந்தக் காலேஜ், எந்த பிராஞ்ச் என்று ஊரே சொல்லிவிடும். பிள்ளைக்கு எது பிடிக்கும் என்ற கேள்வி அந்தப் பேச்சுக்குள் வருவதே இல்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நான் கட்-ஆஃப் முறைக்கு எதிரி இல்லை. 2007-ல் தமிழ்நாடு எஞ்சினியரிங் நுழைவுத் தேர்வை எடுத்தது. கோச்சிங் சென்டருக்குக் கட்டப் பணம் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அதனால்தான் காலேஜ் வாசலை மிதித்தோம். ஆனால் அதோடு ஒரு பழக்கமும் சேர்ந்து வந்துவிட்டது. "மார்க் வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்ற பழக்கம். எஞ்சினியரிங்குக்கு அது சரிப்படும். அறிவியல் நிறுவனங்களுக்குச் சரிப்படாது. அவற்றின் விண்ணப்பம் பெரும்பாலும் பிளஸ் டூ பரீட்சை நடக்கும் மாதங்களிலேயே திறந்து, பல வருஷங்களில் ரிசல்ட்டுக்கு முன்பே மூடிவிடுகிறது. வீட்டில் ஒரு பேராசிரியரோ விஞ்ஞானியோ இருந்தால் அது தெரியும். தறி ஓட்டுகிற வீட்டுக்கு யார் சொல்வார்கள்?

என்னென்ன வழிகள் என்று பார்க்கலாம். ஐசர்கள் நாட்டில் ஏழு இருக்கின்றன. 2006-ல் புனேயிலும் கொல்கத்தாவிலும் தொடங்கியவை. நமக்குப் பக்கம் திருவனந்தபுரமும் திருப்பதியும். ஐந்து வருஷம் படித்தால் பி.எஸ்.-எம்.எஸ். பட்டம் கிடைக்கும். சேர ஐ.ஏ.டி. என்ற தேர்வு எழுத வேண்டும். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கணக்கு, உயிரியல் நான்கிலும் சமமாகக் கேள்வி வரும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் நான்கு வருஷ பி.எஸ். படிப்புக்கும் அந்த மதிப்பெண் ஒரு வழி, ஆனால் அங்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். புவனேஸ்வரில் நைசர் இருக்கிறது, அதற்கு நெஸ்ட் என்ற தேர்வு. கணக்குப் பைத்தியம் என்றால் சென்னை சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் கழகம் இருக்கிறது, அதற்குத் தனித் தேர்வு. விண்வெளி என்றால் திருவனந்தபுரத்தில் இஸ்ரோவோடு சேர்ந்த ஐ.ஐ.எஸ்.டி., அதற்கு ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுத வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் பதினொண்ணாம் வகுப்புப் பாடமும் வரும். நம்ம மண்டலத்துப் பள்ளிகள் பலவற்றில் பதினொண்ணாம் வகுப்புப் புத்தகத்தைத் தொடாமலே ரெண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஓட்டிய கதை உங்களுக்குத் தெரியும். அதைத் தடுக்கத்தான் 2018-ல் பதினொண்ணுக்கும் பொதுத் தேர்வு வந்தது. 2025-ல் வந்த மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வை எடுத்துவிட்டது. பிள்ளைகளுக்குப் பாரம் குறைந்தது நல்லதுதான். ஆனால் பழைய பழக்கம் திரும்பி வந்தால் முதலில் அடிபடுவது அறிவியல் ஆசை உள்ள பிள்ளைதான். அதனால் பதினொண்ணு படிக்கும் தம்பி தங்கச்சியிடம் நாம் முதலில் சொல்ல வேண்டியது, "அந்தப் புத்தகத்தை எடைக்குப் போட்டுறாத."

இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஆராய்ச்சின்னா எப்பச் சாமி சம்பளம் வரும்?"

இந்தக் கேள்வியைக் கிண்டல் பண்ணக்கூடாது. தறிக்கூலி உயர்த்தச் சொல்லி வருஷக்கணக்கில் போராடுகிற ஊரில் அது நியாயமான கேள்வி. நேர்மையான பதில் இதுதான். பட்டம் முடிக்க நாலஞ்சு வருஷம், அதுக்கு மேல பிஎச்.டி. அஞ்சு வருஷம் போல. பிஎச்.டி. காலத்தில் பணம் வரும். ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். ஆனால் அது உதவித்தொகை, நிரந்தர வேலை இல்லை. நிரந்தர வேலை என்று ஒன்று கையில் வரும்போது வயசு முப்பதைத் தொட்டிருக்கலாம். கடன் இருக்கிற வீட்டில் மூத்த பிள்ளைக்கு இது சின்ன விஷயமில்லை.

அதே சமயம் பணமே இல்லாத பாதை என்பதும் உண்மையில்லை. பிளஸ் டூவில் தன் கல்வி வாரியத்தின் முதல் 1 சதவீதத்துக்குள் வந்து, அடிப்படை அறிவியலில் பட்டப்படிப்பு சேர்ந்தால் மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், வருஷத்துக்கு 80,000 ரூபாய். பக்கத்து அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. படிக்க எஞ்சினியரிங் ஃபீஸில் சின்னப் பங்குகூட ஆகாது. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது.

இன்னொரு பக்கத்தையும் பார்க்கணும். "எஞ்சினியரிங்னா வேலை நிச்சயம்" என்று ஊரில் சொல்கிறார்களே, அது எவ்வளவு நிச்சயம் என்று பிளேஸ்மென்ட் சீசனில் ஃபார்மல் சட்டை போட்டு வரிசையில் நின்ற நமக்குத் தெரியாதா? பிடிக்காத பாடத்தில் அரியர் வைத்து, அதைத் துடைக்கவே ரெண்டு வருஷம் செலவழிக்கும் நண்பன் நம்ம எல்லாருக்கும் ஒருத்தன் இருக்கான். அந்தச் செலவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

சரி, பதினேழு வயசில் விட்டுவிட்டால் அவ்வளவுதானா? இல்லை. சித்தி பையனுக்கு அன்றைக்கே சொல்லத் தெரியாமல் போனது இதுதான்.

சந்திரயான்-3 நிலாவில் இறங்கியது 2023 ஆகஸ்ட் 23. அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவர். பிறகு சென்னையில் பி.இ., திருச்சியில் எம்.இ., சென்னை ஐ.ஐ.டி.யில் பிஎச்.டி. டிப்ளமோ சேர்ந்த பிள்ளையை "மார்க் வரலை போல" என்று பார்க்கிற ஊர்க்காரர்களிடம் இதைச் சொல்லுங்கள். மயில்சாமி அண்ணாதுரை நம்ம பொள்ளாச்சி பக்கம் கோதவாடிக்காரர். ஊர்ப்பக்கத்து அரசுப் பள்ளிகளில் படித்து, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் பி.இ., பி.எஸ்.ஜி.யில் எம்.இ. முடித்து 1982-ல் இஸ்ரோவில் சேர்ந்தார். 2008-ல் சந்திரயான்-1 கிளம்பியபோது அதன் திட்ட இயக்குநர் அவர்தான். நாம் எல்லாரும் ஸ்டேட்டஸ் வைக்கிற அப்துல் கலாம் முதலில் படித்தது திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பி.எஸ்சி. பிசிக்ஸ். அதுக்கப்புறம்தான் எம்.ஐ.டி.யில் ஏரோநாட்டிக்கல்.

மூணு பேரும் மூணு வாசல் வழியாகப் போனவர்கள். ஆனால் பெரிய பேர்களைச் சொல்லிக் கைதட்டிவிட்டுப் போனால் அடுத்த பிள்ளைக்குப் பயன் இல்லை. அடுத்த வாசல் எப்போது திறக்கும் என்பதுதான் தெரிய வேண்டும். பி.எஸ்சி. படிப்பவர் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ஜாம் எழுதலாம். அதற்கு விண்ணப்பம் செப்டம்பர் வாக்கில், தேர்வு பிப்ரவரியில். நம்மைப் போல பி.இ. படிப்பவருக்கு கேட் இருக்கிறது. இயற்பியல் ஆராய்ச்சிக்கான ஜெஸ்ட் வழியாகவும் சில நிறுவனங்கள் பி.இ. முடித்தவர்களை எடுக்கின்றன. ஆராய்ச்சி நமக்கு ஒத்துவருமா என்று ரெண்டு மாசம் பார்த்துவிட்டு முடிவு பண்ண, இந்திய அறிவியல் கழகங்கள் சேர்ந்து தரும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகை இருக்கிறது. கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்திலும் மும்பை பாபா மையத்திலும் டிப்ளமோ, பி.எஸ்சி., ஐ.டி.ஐ., பிளஸ் டூ அறிவியல் முடித்தவர்களை உதவித்தொகை தந்து பயிற்சியாளராக எடுக்கிறார்கள். அறிவியல் வேலை என்றால் பிஎச்.டி. மட்டும் என்று நினைக்கிற வீட்டுக்கு இது முக்கியமான செய்தி.

இதெல்லாம் எங்கேயோ தூரத்து ஊர் விஷயம் என்று தோன்றினால், காந்திபுரத்தில் மருதமலை பஸ் ஏறுங்கள். லாலி ரோடு தாண்டினால் வேளாண் பல்கலைக்கழகம். அதை ஒட்டியே கரும்பு இனப்பெருக்க நிறுவனம், 1912-ல் தொடங்கியது. நம்ம ஊர்க் கரும்பையும் காட்டு நாணலையும் கலந்து அங்கே உருவான கோ 205 ரகம் 1918-ல் வெளியானது. கரும்பு ரகங்களின் பேரில் வருகிற அந்தக் 'கோ' கோயம்புத்தூர்தான். வட இந்தியக் கரும்பு விவசாயத்தையே மாற்றியவை இந்த ஊரில் பிறந்த ரகங்கள். ஜானகி அம்மாள் என்ற தாவரவியல் விஞ்ஞானி, பெண்கள் காலேஜுக்குப் போவதே அபூர்வமாக இருந்த 1930-களில், இங்கேதான் கரும்பின் மரபியலை ஆராய்ந்தார். ஆர்.எஸ்.புரத்தில் வன மரபியல் நிறுவனம், ஆனைகட்டியில் பறவைகளுக்கான சாலிம் அலி மையம், அவிநாசி ரோட்டில் ஜவுளி ஆராய்ச்சிக்கு சிட்ரா. சத்தி, கோபி பக்கம் கரும்புத் தோட்டத்துக்குள் வளர்ந்த பிள்ளைக்கு, அந்தக் கரும்பு ஒரு விஞ்ஞானியின் வேலை என்று யாரும் சொன்னதில்லை. நானே மூணு வருஷம் அந்த கேட்டைத் தாண்டி பஸ்ஸில் போயிருக்கிறேன், ஒரு நாளும் நிமிர்ந்து போர்டைப் படித்ததில்லை.

அப்ப நாம என்ன செய்யலாம்? கிளப் ஆரம்பித்து, பேனர் அடித்து, குத்துவிளக்கு ஏற்ற வேண்டாம். நம்ம ஒவ்வொருத்தர் ஊரிலும் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை ஒன்றாவது இருக்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது கட்-ஆஃபைப் பத்திப் பேசாமல், "உனக்கு எந்தப் பாடம் படிக்கும்போது நேரம் போறது தெரியலை?" என்று கேளுங்கள். அறிவியல் என்று சொன்னால் ஐ.ஏ.டி., நெஸ்ட், சி.எம்.ஐ. என்ற மூணு பேரையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கடைசித் தேதி வருஷத்துக்கு வருஷம் மாறும், அதனால் பிப்ரவரி தொடங்கி வாரம் ஒரு முறை அந்த நிறுவனங்களின் இணையதளத்தை நீங்களே பாருங்கள். விண்ணப்பம் திறந்ததும் ஒரு போன் பண்ணுங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் எல்லாம் மத்திய அரசுப் படிவத்தில் கேட்பார்கள், அதை முன்னாடியே வாங்கி வைக்கச் சொல்லுங்கள். விண்ணப்பக் கட்டணம் கட்டக் கையில் இல்லை என்றால், நாலு பேர் சேர்ந்து ஒரு நாள் பேக்கரி செலவை விட்டால் முடிந்தது.

எழுதியும் கிடைக்காமல் போகலாம், பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்காது. அது வேறு. எழுதித் தோற்பதற்கும், இருக்கிறதே தெரியாமல் தோற்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் சித்தி பையன் குரலில் கேட்டிருக்கிறேன்.

அவன் இப்போது முதல் வருஷம். கேட், ஜெஸ்ட் பத்தியெல்லாம் சொல்லிவிட்டேன், பார்க்கலாம் என்கிறான். போன வாரம் மறுபடி கூப்பிட்டான். "அக்கா, எங்க ஸ்கூல்ல பிளஸ் டூ படிக்கிற பொண்ணு ஒண்ணு பயாலஜில ஆராய்ச்சி பண்ணணும்ங்குது. நான் என்ன சொல்லட்டும்?"

இந்தத் தடவை பதில் இருந்தது. சொன்னேன், எழுதிக்கொண்டான். உங்க ஊர்ல அப்படி யார் இருக்காங்கன்னு யோசிச்சுப் பாருங்க. ரிசல்ட் வர இன்னும் நாள் இருக்கு.