கோரையைப் பிடுங்குறதுக்கு முன்னாடி

ஏரி சுத்தம் பண்ணப் போறோம்னு பேர் குடுத்திருக்கீங்களா? கையுறை, மண்வெட்டி, குரூப் போட்டோ எல்லாம் சரி. கிளம்புறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிட்டுப் போங்க.

போன வருஷம் ஒரு ஏரியில நாங்க செஞ்ச தப்பு இது. கரையோரம் பச்சையா நின்ன எல்லாத்தையும் களைன்னு பிடுங்கிக் குவிச்சோம். பார்த்துக்கிட்டிருந்த பெரியவர் ஒருத்தர் கேட்டார்: "ஏம்பா, ஆகாயத்தாமரைய எடுங்க, வேணான்னு சொல்லல. கோரைய ஏன் எடுக்கறீங்க? அதான கரைய புடிச்சினு நிக்குது." எங்க யார்கிட்டயும் பதில் இல்லை.

அவர் சொன்னது சரிதான். கோரை பார்க்கப் புல் மாதிரி இருக்கும், ஆனா புல் இல்லை. தண்டை விரலால உருட்டிப் பாருங்க. பெரும்பாலான கோரைகள்ல மூணு முனை தட்டுப்படும். மண்ணுக்குள்ள படுத்த வாக்குல ஓடுற தண்டும், அதிலிருந்து இறங்குற வேர்களும் சேர்ந்து கரை மண்ணை வலை போட்ட மாதிரி பிடிச்சு வைக்கும். மண் அரிப்பைத் தடுக்க நாம காசு குடுத்து வாங்குற ஜியோ டெக்ஸ்டைல் செய்யுற வேலையும் கிட்டத்தட்ட இதேதான்.

அதுக்குத் தேவை நல்ல வெயில், ஈரச் சேறு, ஏறி இறங்குற தண்ணி. நெடுஞ்சாலையில பஸ்ல போகும்போது தாமல் ஏரியைப் பார்த்திருப்பீங்க. அது மாதிரி ஏரிகள் வடகிழக்குப் பருவமழையில நிறையும், கோடையில வத்தும். மேல காய்ஞ்சு போனாலும் கோரை மண்ணுக்கடியில உயிரோட இருந்து, மழை வந்ததும் துளிர்க்கும். ஆனா ஆழமான தண்ணியில அதால நிக்க முடியாது. தூர்வாருறோம்னு ஓரத்தைச் செங்குத்தா வெட்டிட்டா, கோரை நிக்க இடமே இருக்காது.

பட்டுக்குப் பேர் போன ஊர் நம்மளுது. ஆனா நமக்குத் தெற்கே வந்தவாசியில கோரைப்பாய் நெய்யுறாங்க. பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடே இருக்கு. நலங்கு மாவுல போடுற கோரைக்கிழங்கும் இந்தக் குடும்பம்தான்.

"வயல்ல கோரை வந்தா விவசாயி படுற பாடு தெரியுமா?"ன்னு நீங்க கேட்கலாம். நியாயம்தான். அந்தக் கிழங்குக் கோரை உலகத்தின் மோசமான களைகள் பட்டியல்ல முதலிடத்துல வச்சுப் பேசப்பட்டது. வயல்லயும், மதகு, கால்வாய், கலங்கலை அடைச்சு நிக்குற இடத்துலயும் அதை எடுத்துத்தான் ஆகணும். ஏரி ஓரத்துல நிக்குறது வேற கதை. ஒரே செடி, இடத்தைப் பொறுத்து களை. இடத்தைப் பொறுத்து காவல்.

அதனால ரெண்டே வேண்டுகோள். பிடுங்குறதுக்கு முன்னாடி ஊர்க்காரங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. நாளைக்கு நீங்க இன்ஜினியராகி ஒரு ஏரிக்கு டிராயிங் போட்டா, ஓரத்துல கொஞ்சம் சரிவு விடுங்க. மீதியைக் கோரை பார்த்துக்கும்.