கோர்ட்டுக்கு வராத மத்தியஸ்தத் தீர்ப்பு

மறைமலை நகரைச் சுற்றி நிலத்தின் விலை ஏற ஏற, காலனிவாசிகளிடம் நீட்டப்படும் பழைய காகிதங்களும் கூடுகின்றன. அவற்றில் ஒன்று மத்தியஸ்தத் தீர்ப்பு. நாலு பெரிய மனிதர்கள் உட்கார்ந்து, இந்த சர்வே எண் இன்னாருக்கு என்று எழுதி, தாத்தாவின் கைநாட்டையும் வாங்கியிருப்பார்கள். பேரன் உரிமை வழக்கு போடப் போனால், "அன்றைக்கே முடிந்த விஷயம்" என்பார்கள்.

முடிந்ததா? 1940-ம் ஆண்டுச் சட்டப்படி நடந்த மத்தியஸ்தம் என்றால், தீர்ப்பை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து டிகிரி வாங்கியிருக்க வேண்டும். டிகிரி இல்லாமல் அதை வைத்து யாரையும் வெளியேற்ற முடியாது. அதற்காக அது செல்லாக்காசும் அல்ல. தாக்கலாகாத தீர்ப்புக்கும் சட்ட மதிப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த மதிப்பு இருப்பதாலேயே, 100 ரூபாயும் அதற்கு மேலும் பெறுமானமுள்ள நிலத்தில் உரிமை தரும் தீர்ப்பைப் பதிவு செய்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. ஆகவே எதிராளியிடம் ஆவண எண்ணைக் கேளுங்கள். மத்தியஸ்தத்துக்கு இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்த ஒப்பந்தத்தையும் கேளுங்கள். அது இல்லாவிட்டால் நடந்தது வெறும் கட்டப்பஞ்சாயத்து.

1996-ம் ஆண்டுச் சட்டத்தில் தாக்கல் வேலையே இல்லை. ரத்து கோரும் மூன்று மாதக் கெடு கழிந்தால் தீர்ப்பு டிகிரி போலவே நிறைவேறும். புதிய தீர்ப்பைப் பெட்டியில் பூட்டி வைப்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

வக்கீல்களே பல நேரம் கேட்க மறக்கும் கேள்வி வேறு: அது டி.சி. நிலமா? செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீர் 1891-ல் தந்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892-ல் அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலத்தை முதல் 10 ஆண்டு விற்கவே கூடாது. பிறகும் தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம். மத்தியஸ்தத் தீர்ப்பு அதில் கலந்துகொண்ட தரப்பாரையும் அவர்கள் வழி வந்தவர்களையும்தான் கட்டும். நிபந்தனை போட்டதோ அரசு. அது அங்கே தரப்பே இல்லை. விற்க முடியாத நிலத்தை நாலு பேர் எழுதி எப்படிக் கைமாற்ற முடியும்?

காரணை பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரை விட்டது இதே செங்கல்பட்டு மண்ணில்தான். அந்த நிபந்தனையை ஒரு முத்திரைத்தாளைக் காட்டி அழிக்க விடக் கூடாது.

வட்டாட்சியர் அலுவலகத்தில் 'ஏ' பதிவேட்டு நகலுக்கு மனு கொடுங்கள். பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது சட்டம். செங்கல்பட்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். அடுத்தவர் அனுபவத்தில் நிலம் 12 ஆண்டு கிடந்தால் வேறொரு வாதத்தோடு வருவார்கள். மனுவை இந்த வாரமே எழுதுங்கள்.