தினம் 300 ரூபாய்... டீக்கடையில் இருந்து 26 நாடுகள்!

மார்கழி ஞாயிற்றுக்கிழமைகளில் விடிவதற்கு முன்பே நெல்லை புதிய பஸ் ஸ்டாண்டில் ஒரு கூட்டம் சேர்ந்துவிடும். அரசுப் போக்குவரத்துக் கழகம் விடும் நவகைலாய சிறப்புப் பஸ்ஸுக்கு வந்த கூட்டம். பாபநாசம், சேரன்மகாதேவி, கோடகநல்லூர், குன்னத்தூர், முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை, ராஜபதி, சேர்ந்தபூமங்கலம் என்று தாமிரபரணி போகும் வழியில் ஒன்பது சிவன் கோயில்கள், ஒரே நாளில்.

அந்தக் கூட்டத்தில் அறுபதைத் தாண்டிய கணவன் மனைவியரைப் பார்க்காமல் இருக்க முடியாது. பல வீடுகளில் அந்த அம்மாவுக்கு வருஷத்தில் ஒரு நாள் முழுக்க அடுப்படியை விட்டு வெளியே இருக்கக் கிடைப்பது அன்றைக்குத்தான். கூடையில் இருக்கும் புளியோதரையையும் ராத்திரி கண் விழித்துக் கிளறியவர் அவர்தான் என்பது வேறு விஷயம்.

'எங்கேயாவது போயிட்டு வருவோமா?' என்ற கேள்வி எல்லா வீட்டிலும் எப்போதாவது எழுகிறது. 'பொறவு பாத்துக்கிடலாம்' என்ற பதிலும் கூடவே வந்துவிடுகிறது. மகள் கல்யாணம் முடியட்டும், வீட்டுக் கடன் அடையட்டும், பேரன் ஸ்கூலில் சேரட்டும். அதற்குள் ஒருவருக்கு முழங்கால் வலி வந்துவிடும்.

'பொறவு' என்ற சொல்லையே ஒதுக்கிவைத்த ஒரு தம்பதி கேரளத்தில் இருந்தார்கள். நெல்லையில் ராத்திரி பாலருவி எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் காலை எர்ணாகுளம். அங்கே கடவந்திரா காந்தி நகரில் 'ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ்' என்று ஒரு சின்ன டீக்கடை. நடத்தியவர்கள் கே.ஆர். விஜயனும் அவர் மனைவி மோகனாவும். டீ, காபி, பலகாரம் விற்ற காசில் இவர்கள் பார்த்த நாடுகள் 26!

லாட்டரி விழவில்லை, வெளிநாட்டில் இருந்து மகன் பணம் அனுப்பவில்லை. எல்லாம் கடை வருமானம்தான். கடைக்கு வேலையாள் கிடையாது. டீ போடுவது, பலகாரம் செய்வது, பரிமாறுவது, பாத்திரம் கழுவுவது எல்லாவற்றையும் இருவரே பார்த்தார்கள். சம்பளமாகப் போக வேண்டிய பணம் மிச்சமானது. தினம் 300 ரூபாயைப் பயணத்துக்கென்று தனியாக எடுத்து வைத்தார்கள். கணக்குப் போட்டால் ஒரு வருஷத்துக்கு 1,09,500 ரூபாய். ரெண்டு பேர் ஐரோப்பா போய்வர இது போதாதுதான். மீதியை வங்கியில் கடனாக வாங்கினார்கள். போய்விட்டு வந்து, மறுபடி கடையைத் திறந்து, அடுத்த மூன்று வருஷமோ என்னவோ அந்தக் கடனை அடைத்தார்கள். அடைந்ததும் அடுத்த நாட்டுக்கு அடுத்த கடன்.

இங்கேதான் நம்மூர்க்காரர்களுக்குப் புருவம் உயரும். ஊர் சுற்றுவதற்கா கடன்? காதுகுத்துக்கு வாங்கலாம், சடங்குக்கு வாங்கலாம், புதுவீடு பால் காய்ச்ச மண்டபம் பிடிக்கவும் வாங்கலாம். அதில் யாருக்கும் சங்கடம் இல்லை. சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள் சாம்பாரில் உப்பு கம்மி என்று சொல்வதோடு அந்தக் கடன் வீட்டில் தங்கிவிடும். ஆனால் விஜயனின் முறையை அப்படியே காப்பி அடிப்பதும் சரிவராது. அவர்களுக்கு அன்றாடம் கையில் காசு புரளும் கடை இருந்தது. கடனை முழுசாக அடைக்காமல் அடுத்ததற்குப் போகாத கட்டுப்பாடும் இருந்தது. மாதச் சம்பளத்திலோ பென்ஷனிலோ ஓடும் வீட்டுக்கு, சேர்த்து வைத்துப் போவதே நிம்மதி.

விஜயனுக்கு ஊர் சுற்றும் ஆசை சிறு வயதில் அப்பாவோடு போன பயணங்களில் தொற்றிக்கொண்டது. பிறகு குடும்பப் பொறுப்பு தலையில் விழுந்ததால் பல வருஷம் எங்கும் போக முடியவில்லை. வெளிநாட்டுக்கு முதலில் கிளம்பியது 2007-ல்தான், இஸ்ரேலுக்கு. (நாசரேத் என்றால் திருச்செந்தூர் ரயில் ஆழ்வார்திருநகரியைத் தாண்டி நிற்கும் ஸ்டேஷன் என்று மட்டுமே தெரிந்தவர்கள் இந்த இடத்தில் சிரித்துக்கொள்ளலாம்.) அப்புறம் எகிப்து, பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரியா, அமெரிக்கா என்று பட்டியல் நீண்டது. போன ஊர்களின் போட்டோக்கள் கடைச் சுவரில் ஏறின. டீ குடிக்க வந்தவர்கள் அதைப் பார்த்துக் கதை கேட்டார்கள்.

2018-ல் இவர்களைப் பற்றி 'இன்விசிபிள் விங்ஸ்' என்ற ஆவணப்படம் வந்தது. 2019-ல் தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா ட்விட்டரில் இவர்களைப் பற்றி எழுத, நாடு முழுக்கத் தெரிந்தார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பயணத்துக்கு அவரே உதவினார். பிறகு கொரோனா வந்தது. எல்லாக் கதவுகளும் மூடின. மறுபடி திறந்ததும், 2021 அக்டோபரில் ரஷ்யா போய்விட்டு வந்தார்கள். அது 26-வது நாடு.

திரும்பி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 2021 நவம்பர் 19 அன்று விஜயன் மாரடைப்பால் இறந்தார். எழுபதைக் கடந்தவர். ரஷ்யாவை 'அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம்' என்று தள்ளிப்போட்டிருந்தால், மோகனாவின் ஆல்பத்தில் அந்தச் சில பக்கங்கள் இருந்திருக்காது.

இந்தக் கதையில் பலரும் கவனிக்காமல் விடுவது மோகனாவின் பங்கு. 'மனைவியை உலகம் சுற்றிக் காட்டிய கணவர்' என்றே செய்திகள் எழுதின. ஆனால் அந்த 300 ரூபாயில் பாதி மோகனா சம்பாதித்தது. அவரும் அதே அடுப்பில் நின்றார், அதே பாத்திரத்தைக் கழுவினார். அவர் உழைப்புக்கும் சேர்த்து வாங்கியதுதான் அந்த டிக்கெட்.

தாமிரபரணிக் கரையில் இருந்து அப்படிக் கிளம்ப நினைப்பவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். பாஸ்போர்ட்டுக்கு மதுரை வரை போக வேண்டியதில்லை, நெல்லையிலேயே சேவை மையம் இருக்கிறது. பத்து வருஷத்துக்கான 36 பக்க சாதாரண பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். அறுபதைத் தாண்டியவர்கள் புதிதாக எடுத்தால் பத்து சதவிகிதம் தள்ளுபடி உண்டு. இத்தாலி, கிரீஸ், ஸ்பெயின், போர்ச்சுகல் என்று தெற்கு ஐரோப்பாவைச் சுற்ற ஆசை என்றால் நான்குக்கும் சேர்த்து ஒரே ஷெங்கன் விசா போதும். அதைக் காட்டி 180 நாட்களுக்குள் அதிகபட்சம் 90 நாட்கள் தங்கலாம். கட்டணம் பெரியவர்களுக்கு ஆளுக்கு 90 யூரோ. விசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்பி வராது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். கைரேகை வைக்க நேரில் போக வேண்டும், அதற்கான மையம் நெல்லையில் இல்லை.

அவ்வளவு தூரம் வேண்டாம் என்பவர்களுக்கு, நெல்லையில் இருந்து கிளம்பும் இரண்டு பாசஞ்சர் ரயில்கள் போதும். செங்கோட்டை ரயில் சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று வயலும் மலையுமாகப் போகும். திருச்செந்தூர் ரயில் ஆறு கடலைத் தேடிப் போகும் பக்கம். வழியில் ஆதிச்சநல்லூரில், அகழாய்வுக் குழிக்கு மேல் கண்ணாடி போட்டு, தாழிகள் கிடந்த இடத்திலேயே பார்க்க வைத்திருக்கிறார்கள்.

நவகைலாய பஸ் சேர்ந்தபூமங்கலத்தோடு திரும்பிவிடுகிறது. இன்னும் கொஞ்ச தூரம் போனால் புன்னைக்காயல். பொதிகையில் இருந்து வரும் ஆறு கடலில் சேரும் இடம். வருஷா வருஷம் அந்த பஸ்ஸில் போகிறவர்களிலும் அதைப் பார்க்காதவர்கள் உண்டு. ஆத்தூர் வழியாகப் போக வேண்டும். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். அன்றைக்கு ஓட்டலில் சாப்பிட்டால் இன்னும் நல்லது.