வாக்கோடு காரணத்தையும் எழுதட்டும் மாணவர்கள்

பழைய மாமல்லபுரம் சாலையில் நாவலூர், சிறுசேரி, கேளம்பாக்கம் என்று வரிசையாக எழுந்திருக்கும் அடுக்குமாடிகளில் எத்தனையோ குடும்பங்கள் வங்கிக் கடனில் வீடு வாங்கிக் குடியேறியவை. அவர்களுடைய மாதத் தவணை ஏறுவதும் இறங்குவதும் மும்பையில் முடிவாகிறது. 2019 அக்டோபர் 1 முதல் புதிதாகத் தரப்படும் மாறும் வட்டி வீட்டுக் கடன்களை வங்கிகள் ஒரு வெளி அளவுகோலோடு இணைத்தாக வேண்டும். பெரும்பாலான வங்கிகள் அதற்கு ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ வட்டியையே எடுத்துக்கொண்டன. 2025-ல் பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், டிசம்பர் என நான்கு முறை குறைக்கப்பட்டு, ரெப்போ 6.50-லிருந்து 5.25 சதவீதத்துக்கு வந்தது. 20 ஆண்டுத் தவணையில் 40 லட்சம் ரூபாய் கடன் வாங்கியவரின் வட்டி 9-லிருந்து 7.75 சதவீதமானால், மாதத்துக்கு ஏறக்குறைய 3,150 ரூபாய் மிச்சம். அதே கட்டடத்தில் 10 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையின் வட்டியை நம்பி வாழும் பெரியவருக்கோ, வைப்பு வட்டியும் அதே அளவு குறைந்தால், ஆண்டுக்கு 12,500 ரூபாய் போய்விடும்.

இந்த முடிவை எடுப்பவர்கள் ரிசர்வ் வங்கியின் பணக்கொள்கைக் குழுவில் உள்ள ஆறே பேர். அவர்கள் எப்படிக் கூடுகிறார்கள், எப்படி வாக்களிக்கிறார்கள் என்பதைப் பொருளாதாரம் படிக்கும் மாணவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். நடத்திப் பார்க்கும் வாய்ப்பு அபூர்வம். கேளம்பாக்கத்தைச் சுற்றிக் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. படூரில் இந்துஸ்தான், காலவாக்கத்தில் எஸ்.எஸ்.என்., சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் நிறுவனம், வண்டலூர் சாலையில் விஐடி. மாதிரி ஐநா சபை இன்று கல்லூரி மாணவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. அதே ஆர்வத்தோடு மாதிரி ரிசர்வ் வங்கிக் கூட்டமும் நடக்க வேண்டும். ஆனால் ஐநா விதிகளை அப்படியே எடுத்து ஒட்டினால் அது வீண் வேலை. மாதிரி ஐநாவில் கூட்டணி சேர்ப்பவரும் மேடையில் முழங்குபவரும் பரிசு பெறுகிறார்கள். வட்டியை முடிவு செய்யும் மேசையில் அந்தத் திறமைக்கு இடமில்லை.

புதிதாக விதி எழுதவும் தேவையில்லை. 1934-ம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சட்டத்தில் 2016-ல் சேர்க்கப்பட்ட பணக்கொள்கை அத்தியாயத்திலேயே விதிகள் தயாராக இருக்கின்றன. அதற்கு முன் கடைசிச் சொல் ஆளுநருடையது; ஆலோசனைக் குழு இருந்தாலும் அதன் கருத்து அவரைக் கட்டுப்படுத்தாது. இப்போது ரிசர்வ் வங்கியிலிருந்து மூவர், மத்திய அரசு நியமிக்கும் வெளியாட்கள் மூவர். ஆளுக்கு ஒரு வாக்கு. சமமாகப் பிரிந்தால் மட்டும் ஆளுநருக்கு இரண்டாவது வாக்கு. குறைந்தது நான்கு பேர் இல்லாமல் கூட்டம் நடத்த முடியாது. 2020 செப்டம்பர் இறுதியில் நடக்க வேண்டிய கூட்டம் இதனால்தான் தள்ளிப்போனது: வெளி உறுப்பினர்களின் நான்காண்டுப் பதவிக்காலம் முடிந்திருந்தது, புதியவர்கள் வரவில்லை. நியமனம் முடிந்து அக்டோபர் 7 முதல் 9 வரை கூடினார்கள். நாடே தொற்றுநோயில் தவித்த நேரத்திலும் இந்த விதிக்கு விலக்கு இல்லை. கல்லூரியிலும் ஆள் குறைந்தால் கூட்டத்தை ஒத்திவைக்கத்தான் வேண்டும். அந்த நேரத்துக்குக் கிடைத்தவரை உட்கார வைத்து ஒப்பேற்றக் கூடாது.

சட்டத்தின் உயிர்நாடி இன்னொரு விதியில் இருக்கிறது. ஒவ்வொரு உறுப்பினரும் தீர்மானத்துக்கு ஆதரவாகவோ எதிராகவோ ஏன் வாக்களித்தார் என்று எழுதித் தர வேண்டும். கூட்டம் முடிந்த 14-ம் நாள், யார் எப்படி வாக்களித்தார்கள் என்பதோடு அந்தக் குறிப்புகளும் பெயருடன் வெளியாகும். கையை மட்டும் தூக்கிவிட்டுப் போக முடியாது. மாணவர் கூட்டத்தில் இந்த ஒரு விதியை விட்டுவிட்டால் மற்ற எல்லா விதிகளும் வெறும் சடங்கு.

அகமதாபாத் ஐஐஎம் பேராசிரியர் ஜெயந்த் வர்மா 2020 முதல் 2024 வரை இந்தக் குழுவில் இருந்தார். 2021 ஆகஸ்டில் மற்ற ஐவரும் தளர்வான நிலைப்பாடு தொடரட்டும் என்றபோது அவர் ஒருவர்தான் எதிர்த்து வாக்களித்தார். 2022-ல் பணவீக்கம் தொடர்ந்து மூன்று காலாண்டுகள் 6 சதவீத உச்ச வரம்பைத் தாண்டியது. அதே வர்மா 2024-ல் எதிர்த்திசையில் நின்றார். பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் வட்டி அளவுக்கு மீறி உயரத்தில் இருக்கிறது, அது வளர்ச்சியைக் கெடுக்கும் என்று சொல்லி, கால் சதவீதம் குறைக்கக் கோரி வாக்களித்தார். அந்த ஜூனில் ஆஷிமா கோயலும் அவரோடு சேர, வாக்கு 4-க்கு 2 ஆனது. வாக்குகளை மட்டும் பார்ப்பவருக்கு வர்மா முன்னுக்குப்பின் முரணாக நடந்தவர் போலத் தெரியும். குறிப்புகளை வாசித்தால் இரண்டு முறையும் அவர் ஒரே கணக்கைத்தான் போட்டார் என்பது புரியும், மாறியது புள்ளிவிவரம். பொருளாதார மாணவர் ஒருவர் கற்க வேண்டிய பாடம் இதைவிடப் பெரிதாக இல்லை. ஆகவே மாதிரிக் கூட்டத்தில் மதிப்பெண்ணில் பெரும்பகுதி அந்த எழுத்துக் குறிப்புக்குப் போக வேண்டும். சிறுபான்மையில் நின்றவர் என்பதற்காக ஒரு மதிப்பெண்கூடக் குறையக் கூடாது.

தலைவர் எப்போது பேசுவது என்பதும் அற்ப விஷயமல்ல. நம் வகுப்பறைகளில் மூத்தவர் வாய் திறந்துவிட்டால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள். பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் குழுவில் வழக்கமாக ஆளுநர் கடைசியில்தான் பேசுவார். 2005 ஆகஸ்டில் அதன் ஆளுநர் மெர்வின் கிங் வட்டியை மாற்ற வேண்டாம் என்றார், 5-க்கு 4 என்று தோற்றார், வட்டி குறைந்தது. ஆளுநர் வேடம் ஏற்கும் மாணவர் கடைசியாகப் பேசட்டும், தேவைப்பட்டால் தோற்கவும் தோற்கட்டும். பேராசிரியர்கள் அந்த நாற்காலியில் உட்காரவே வேண்டாம்.

கொள்கை முடிவுக்கு ஏழு நாள் முன்பும் ஏழு நாள் பின்பும் ரிசர்வ் வங்கிக் குழு உறுப்பினர்கள் அதைப் பற்றி வெளியில் பேசக் கூடாது. மாணவர்களுக்கு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வார மௌனம் கடினம்தான், ஆனாலும் அது வேண்டும்.

புள்ளிவிவரம் எங்கிருந்து வரும்? வழக்கமாக எல்லோரும் ஒரே இணையப் பக்கத்திலிருந்து எடுத்து, ஒரே வரைபடத்தைத் திரையில் காட்டுவார்கள். கேளம்பாக்கம் மாணவர்கள் இதைவிட நன்றாகச் செய்யலாம். ரிசர்வ் வங்கி குடும்பங்களின் பணவீக்க எதிர்பார்ப்பை அறிய நகரங்களில் கணக்கெடுப்பு நடத்துகிறது. சென்னையும் அதில் உண்டு. மூன்று மாதம் கழித்து விலை எப்படி இருக்கும், ஓராண்டு கழித்து எப்படி என்று உணவு, வீட்டுச் செலவு, சேவை எனப் பிரித்துக் கேட்பார்கள். அதே கேள்விகளை மாணவர்கள் கையில் எடுத்துக்கொண்டு கேளம்பாக்கம் உப்பளத்தில் வேலை செய்பவரிடமும், கோவளத்தில் மீன் விற்கும் அம்மாவிடமும், சிறுசேரி ஐடி ஊழியரிடமும் கேட்கட்டும். பதில்கள் ஒன்றுபோல இருக்காது. 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் உணவு, பானங்களுக்குத் தரப்பட்ட எடை 45.86 சதவீதம். வருமானத்தில் முக்கால்வாசி சோற்றுக்கே போகும் வீட்டுக்கும், பாதிக்கு மேல் வீட்டுத் தவணைக்குப் போகும் வீட்டுக்கும் அந்தச் சராசரி ஒருபோலப் பொருந்தாது. இருவருக்கும் சேர்த்து ஒரே வட்டியை முடிவு செய்வதுதான் இந்த வேலையின் பாரம். தக்காளி விலை ஏறினால் வட்டியை ஏற்றிப் பயன் உண்டா என்ற பழைய வாதம் அப்போது பாடப்புத்தகத்தை விட்டு மேசைக்கு வரும்.

சட்டத்தில் தோல்விக்கும் விதி இருக்கிறது. பணவீக்கம் 4 சதவீதம் என்பது இலக்கு; கூடக்குறைய 2 சதவீதம் சலுகை. மூன்று காலாண்டுகள் தொடர்ந்து வரம்பு மீறினால் காரணம் என்ன, என்ன செய்யப் போகிறோம், எப்போது சரியாகும் என்று அரசுக்கு ரிசர்வ் வங்கி எழுதித் தர வேண்டும். 2022 நவம்பர் 3-ல் இதற்கென்றே குழு தனியாகக் கூடியது. அனுப்பிய அறிக்கை அப்போது மக்கள் பார்வைக்கு வரவில்லை. மாணவர்கள் அந்த அறிக்கையைத் தாங்களே எழுதிப் பார்க்கலாம், எழுதியதை வெளியிடவும் செய்யலாம்.

அமெரிக்காவில் ஃபெட் சேலஞ்ச் என்ற பெயரில் கல்லூரி அணிகள் மத்திய வங்கியின் வேலையைச் செய்து காட்டி, நடுவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன. ஐரோப்பிய மத்திய வங்கியும் பள்ளி மாணவர்களுக்கு இத்தகைய போட்டி நடத்தியிருக்கிறது. நம் ரிசர்வ் வங்கி தன் 90-வது ஆண்டையொட்டி 2024-ல் கல்லூரி மாணவர்களுக்கு நாடு தழுவிய வினாடி வினா வைத்தது. நல்ல முயற்சிதான். ஆனால் வினாடி வினாவில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே ஒரு சரியான விடை. வட்டி விஷயத்தில் படித்த ஆறு பேர் ஒரே புள்ளிவிவரத்தைப் பார்த்து இரண்டு விடைகளுக்கு வரலாம், இரண்டும் நேர்மையானவையாக இருக்கலாம்.

இதைத் தனியார் கல்லூரி வளாகங்களுக்குள் ஆங்கில விழாவாக முடக்கிவிடவும் கூடாது. செங்கல்பட்டு இராஜேஸ்வரி வேதாசலம் அரசு கலைக் கல்லூரி மாணவர்களும் அதே மேசையில் உட்கார வேண்டும், குறிப்பைத் தமிழில் எழுத உரிமை வேண்டும். வட்டியைப் பற்றித் தமிழில் நான்கு பக்கம் தெளிவாக எழுதத் தெரிந்த இளைஞர்கள் வங்கிகளுக்கும் வேண்டும், பத்திரிகைகளுக்கும் வேண்டும்.

செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை. ரிசர்வ் வங்கி ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது, தேதிகள் முன்கூட்டியே அறிவிக்கப்படுகின்றன, பழைய கூட்டக் குறிப்புகள் எல்லாம் அதன் இணையதளத்தில் இலவசம். இந்தப் பகுதிக் கல்லூரிகளின் பொருளாதாரத் துறைகள் அடுத்த கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பாகத் தங்கள் கூட்டத்தை முடித்துக்கொள்ளட்டும். உண்மையான குறிப்புகள் வெளியாகும் அதே 14-ம் நாளில், தங்கள் மாணவர் ஆறு பேரின் குறிப்புகளையும் பெயரோடு வெளியிடட்டும்.