ஆள் போன பிறகு ஏசிப் பயனில்லை

"நான் வளர்த்த பொடியன், இன்று எதிர்க்கடையில் நிற்கிறான்." கல்முனைக் கடைத்தெருவில் இந்தக் குறையை அடிக்கடி கேட்கிறோம். போனவனை நன்றி கெட்டவன் என்று ஏசுவதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. போகவிட்டவரின் பொறுப்பு என்ன என்று எவரும் கேட்பதில்லை.

கிரிக்கெட் பார்க்காத வியாபாரி நம்மிடையே குறைவு. ஆகவே அங்கிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். 2024 இல் கொல்கத்தா அணிக்கு ஐ.பி.எல். கிண்ணத்தை வென்று கொடுத்த தலைவர் ஷ்ரேயாஸ் ஐயர். அதே வருடம் ஏலத்துக்கு முன்னர் ஒவ்வோர் அணியும் ஆறு வீரர்கள் வரை தன்னிடம் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். கொல்கத்தா ஆறு பேரை வைத்துக்கொண்டது. கிண்ணம் வென்ற தலைவர் அதில் இல்லை! நவம்பரில் ஜித்தாவில் நடந்த ஏலத்தில் பஞ்சாப் அணி அவரை 26.75 கோடி இந்திய ரூபாவுக்கு எடுத்தது.

கொல்கத்தாவின் பிரதம நிறைவேற்று அதிகாரி வென்கி மைசூர், தமது பட்டியலில் முதல் பெயரே ஷ்ரேயாஸ்தான், ஆனால் இருவர் சம்மதமும் வேண்டும், வீரர் தன் பெறுமதியைச் சந்தையில் பார்க்க விரும்பினால் தடுக்க முடியாது என்றார். ஷ்ரேயாஸோ, வெற்றிக்குப் பின் பேச்சு நடந்தது, பிறகு சில மாதங்கள் ஒரு சத்தமும் இல்லை என்றார்.

இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஆனாலும் நிர்வாகி தப்ப முடியாது என்பதே எனது கருத்து. கேட்ட விலையைக் கொடுக்க முடியாமற் போவது குற்றமல்ல. பேசவேண்டிய நேரத்தில் பேசாமல் விடுவதே குற்றம். அதே ஏலத்தில் வெங்கடேஷ் ஐயருக்கு 23.75 கோடி கொடுக்கக் கொல்கத்தாவிடம் பணம் இருந்ததே! 2025 இல் பஞ்சாப் இறுதிப் போட்டி வரை போனது. கொல்கத்தா எட்டாம் இடத்தில் முடித்தது.

நமது கடைகளிலும் இதே கதைதான். நல்ல சேல்ஸ்மேன் கட்டாருக்கோ அடுத்த கடைக்கோ போகும்போது இரண்டு கைகள் மட்டும் போவதில்லை. எந்த வாடிக்கையாளருக்கு எது பிடிக்கும், யார் கடனை எப்போது கட்டுவார் என்ற அறிவும் கூடவே போகிறது.

ஆகவே வியாபார நண்பர்களே, பெருநாள் வியாபாரம் நன்றாக முடிந்த அடுத்த வாரமே அவனைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். சம்பளத்தை, இலாபத்தில் ஒரு பங்கை, அவன் எதிர்காலத்தை நீங்களாகவே பேசுங்கள். முடியாவிட்டால் முடியாது என்றும் சொல்லிவிடுங்கள். அதன் பிறகும் போகிறானா? கணக்கை முடித்து நல்ல வார்த்தையோடு அனுப்புங்கள். நாளை சொந்தக் கடை போட்டால், உங்களிடமே மொத்தமாகச் சாமான் எடுக்க வருவான்.